புதுப்பித்த கல்லூரி அருங்காட்சியகம்: கூரை கொள்ளாம், சீட்டு கொள்ளாது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எந்தக் கல்லூரி என்று பெயர் போடப் போவதில்லை. நான் படித்த இடம். அங்கே இப்போது வேலை பார்ப்பவர்களில் இரண்டு மூன்று பேர் என் கடைக்கு ஃப்ரேம் போட வருகிறவர்கள், நாளைக்கும் வர வேண்டும். நாகர்கோவிலிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்விடலாம், பழைய ஓட்டுக் கட்டடம், வாசலில் பெரிய அயினி மரம். நம்ம ஊர்க்காரர்களுக்கு இந்த அடையாளமே அதிகம்.

வரலாற்றுத் துறைக்கென்று அங்கே ஓர் அருங்காட்சியகம் உண்டு. நான் பி.ஏ. படித்த 1994–97இல் அது ஒரு நீளமான அறை, நாலு மர அலமாரி, ஒழுகுகிற இடத்தில் வைத்த மூன்று பக்கெட். பக்கெட்டுக்கும் பதிவு எண் போட்டுவிடலாமே சார் என்று எங்கள் செட்டில் ஒருவன் கேட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டான். அந்த அறையைத்தான் இப்போது பக்கத்து இரண்டு வகுப்பறைகளோடு சேர்த்து, சுவரை இடித்து, ஏசி போட்டு, புதுசாக்கித் திறந்திருக்கிறார்கள். திறந்து ஆறேழு மாசம் ஆகிறது. போன மாசம் இரண்டாம் சனிக்கிழமைதான் எனக்குப் போக வாய்த்தது. கூடவே அக்கா மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். பிளஸ் டூ முடித்துவிட்டு அடுத்து என்ன படிப்பது என்று தெரியாமல் வீட்டில் எல்லாரிடமும் முறைத்துக்கொண்டிருக்கிறாள், எப்படியாவது வரலாறு எடுக்க வைத்துவிடலாம் என்று எனக்கு ஒரு ரகசிய ஆசை.

இன்னொன்று. நான் கண்ணாடி, ஃப்ரேம் கடை வைத்திருப்பவன். பி.ஏ. வரலாறு படித்தவன் வேறு என்ன செய்வான் என்று கேட்காதீர்கள். அதனால் இதில் கண்ணாடி பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

சரி, பாராட்ட வேண்டியதை முதலில் பாராட்டிவிடுவோம். கூரை. உள்ளே நுழைந்ததும் நான் செய்த முதல் காரியம் தலையைத் தூக்கி மேலே பார்த்ததுதான், பழைய பழக்கம். நம்ம மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை, தென்மேற்கும் வடகிழக்கும் மாறி மாறி நனைக்கிற ஊர். இங்கே ஓட்டுக் கட்டடத்தை ஒழுகாமல் வைத்திருப்பது சின்ன வேலை இல்லை. வேறு யாராவது என்றால் ஓட்டைப் பிரித்து எறிந்துவிட்டு கான்கிரீட் போட்டிருப்பார்கள், வேலை ஒரே மாசத்தில் முடிந்திருக்கும். இவர்கள் ஓட்டைத் தாங்குகிற கழுக்கோலில் செல்லரித்ததை மட்டும் எடுத்துவிட்டு அயினி மரத்திலேயே மாற்றி, அதன் மேல் ஓடு உட்காருகிற பட்டியல் சட்டமெல்லாம் புதுசாக அடித்து, உடைந்த ஓட்டுக்கு அதே அளவில் பழைய ஓடு எங்கேயோ தேடி வாங்கிப் போட்டிருக்கிறார்கள். புது மரமும் பழைய மரமும் நிறத்தில் வேறுபட்டு அப்படியே தெரிகிறது, மறைக்கவில்லை, அது எனக்கு ரொம்பப் பிடித்தது. நாங்கள் போன அன்றைக்கு நல்ல மழை. ஒரு சொட்டு உள்ளே இல்லை. அந்தத் தச்சு வேலை செய்த ஆசாரி யாரோ, கையைப் பிடித்துக் கும்பிடலாம்.

தரை வேறு கதை. வெள்ளை டைல்ஸ், கல்யாண மண்டபத்தில் போடுகிற அதே பளபளா டைல்ஸ். 1795 வரை திருவிதாங்கூருக்குத் தலைநகரமாக இருந்த பத்மநாபபுரம் நம்ம பக்கத்தில் இருக்கிறது, அந்த அரண்மனையின் கறுப்புத் தரையில் முகம் பார்க்கலாம், ஸ்கூல் டூரில் அதைப் பார்க்காத பிள்ளை இந்த மாவட்டத்தில் கிடையாது. அந்தத் தரையைத் திருப்பிப் போடுங்கள் என்று சொல்லவில்லை, ஆனால் மழைக்காலத்தில் ஈரக்காலோடு நுழைந்தால் வழுக்குகிற தரையை ஏன் போட வேண்டும்? வாசலில் ஒரு கால்மிதி கூட இல்லை. மருமகள் ஒரு தடவை சறுக்கி, பித்தளை விளக்கு வைத்திருந்த பெட்டியைப் பிடித்து நின்றாள். பெட்டி ஆடவில்லை. நல்ல ஃபிட்டிங்.

அந்த விளக்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. திறப்பு விழாவுக்காக எல்லாவற்றையும் புளி போட்டு விளக்கியிருக்கிறார்கள் போல, தங்கம் மாதிரி மின்னுகிறது. வீட்டு விளக்கு என்றால் அது அழகு. பழைய உலோகத்தின் மேல் படிந்திருக்கிற அந்தக் கருமையும் பச்சையும் அதற்குச் சட்டை மாதிரி, அதைத் தேய்த்துக் கழற்றினால் திரும்பி வராது. பொடிப் பொடியாக உதிர்கிற வெளிர்பச்சைப் புள்ளி இருந்தால் மட்டும்தான் கவலைப்பட வேண்டும், அது உப்பும் ஈரமும் சேர்ந்து உலோகத்தைத் தின்கிற நோய், கடற்காற்று உள்ள ஊரில் கண்டிப்பாகப் பார்க்க வேண்டியது. அதற்கும் மருந்து புளி இல்லை.

இனி என் தொழில். கண்ணாடி எட்டு எம்எம் டஃபன்ட், விளிம்பு சுத்தமாகத் தேய்த்திருக்கிறது, மூலை சேர்ந்த இடத்தில் நகம் கூட நுழையாது. வேலைக்காரன் கெட்டிக்காரன்தான். ஆனால் மேலே விளக்கு வைத்தவனும் கண்ணாடி வைத்தவனும் ஒருவரோடு ஒருவர் பேசவே இல்லை. ஸ்பாட் லைட்டை நேரே கண்ணாடி முகத்தில் அடித்திருக்கிறார்கள். முதுமக்கள் தாழிக்கு முன்னால் நின்றால் தாழியை விட என் வழுக்கைதான் தெளிவாகத் தெரிகிறது. மருமகள் சிரித்துக்கொண்டே போனில் படம் எடுத்தாள், வீட்டு குரூப்பில் போட்டும் விட்டாள். இதற்கு விலை கூடின கண்ணாடி எதுவும் தேவையில்லை, விளக்கை ஓரடி முன்னால் தள்ளிச் சாய்த்தால் போதும், ஏணியும் அரை மணி நேரமும் இருந்தால் நானே செய்து கொடுப்பேன்.

இதைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு, அதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அட்டெண்டர் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார், என் காலத்திலேயே இருந்தவர், இப்போது ஓய்வு பெற்ற பிறகும் தினக்கூலிக்கு வருகிறார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "தம்பி, நீ கண்ணாடிக்காரன்தானே, இதைக் கொஞ்சம் பாரு" என்று கடல் தொழில் சாமான்கள் இருந்த பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே கரையில் நின்று இழுக்கிற கரமடி வலை, அதோடு கட்டின ஈயக் குண்டுகள். திறந்ததும் புளித்த காடி மாதிரி ஒரு வாசம் முகத்தில் அடித்தது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. பெட்டி ஒட்டினது சாதாரண சிலிக்கான். கடையில் விலை குறைவாகக் கிடைக்கிறது, குளியலறைக்கும் மீன் தொட்டிக்கும் நாங்களே அதைத்தான் ஒட்டுகிறோம். அது காயும்போது அசிட்டிக் அமிலம் விடும், அந்த வாசம்தான் அது. ஜன்னல் என்றால் காற்றோடு போய்விடும். இறுக அடைத்த பெட்டிக்குள் அது எங்கே போகும்? போதாததற்கு அடித்தளம் புது பிளைவுட், அதுவும் தன் பங்குக்கு ஆவி விடுகிற சாமான். ஈயக் குண்டுகளின் மேல் பவுடர் போட்ட மாதிரி வெள்ளை பூத்திருந்தது. பழைய மர அலமாரியில் முப்பது வருஷம் கிடந்தபோது இப்படி நான் பார்த்ததில்லை, எல்லாச் சந்திலும் காற்று புகுந்து புறப்படும், அதுவே அதற்குக் காவலாக இருந்திருக்கும் போல. அமிலம் விடாத நியூட்ரல் சிலிக்கான் என்று தனியாகவே விற்கிறது, ட்யூபுக்குக் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஒப்பந்தக்காரரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை, ஷோரூமுக்குச் செய்கிற மாதிரியே இதையும் செய்திருக்கிறார், இதற்குள் நகைக்கடை பொம்மை இருக்கப் போவதில்லை என்று அவருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

ஏசி காலை பத்து மணிக்குப் போட்டு நாலரைக்கு நிறுத்துகிறார்கள். பகலில் உலர்ந்து இரவில் ஈரமாகி, தினமும் ஓலையும் மரமும் தோலும் சுருங்கி விரிந்து சுருங்கி விரிந்து. இதற்கு ஏசியே இல்லாமல் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கலாம்.

தோல்பாவைகளை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. நம்ம மாவட்டத்தில் தோல்பாவைக்கூத்து ஆடுகிற குடும்பங்கள் உண்டு, ஒரு காலத்தில் திருவிழா சமயங்களில் திரை கட்டி ராமாயணம் நடத்தினதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முன்பு இந்தப் பாவைகளைச் சுருட்டி அலமாரிக்கு மேல் வைத்திருப்பார்கள். இப்போது நீட்டி நிறுத்தி, பின்னாலிருந்து மெல்லிய வெளிச்சம் விட்டு, ஆட்டுத்தோலில் குத்தின ஒவ்வொரு புள்ளியும் நட்சத்திரம் மாதிரி தெரிகிறது. அனுமார் வாலைப் பார்த்துக்கொண்டு மருமகள் அஞ்சு நிமிஷம் நகரவில்லை. ஆனாலும் அந்த வெளிச்சம் நாள் முழுக்க எரிய வேண்டாம். தோல், ஓலை, துணி மூன்றுக்கும் 50 லக்ஸ் அளவு வெளிச்சம் போதும் என்பது அருங்காட்சியகக்காரர்கள் கணக்கு. ஆள் வந்தால் மட்டும் எரிகிற மாதிரி ஒரு சென்சார் வைக்கலாம், இப்போது வீட்டு மாடிப்படிக்கே எல்லாரும் வைக்கிறார்கள்.

கல்வெட்டுப் பகுதியில்தான் எனக்கு வயிறு எரிந்தது, அதே இடத்தில்தான் நல்லதும் நடந்தது. இடுப்பு உயரக் கல் ஒன்று, வட்டெழுத்து, அதாவது தமிழை எழுதின பழைய உருண்டை எழுத்து. பாண்டிய நாட்டில் சோழர் வந்த பிறகு வட்டெழுத்தைத் தமிழெழுத்து தள்ளிவிட்டது, ஆனால் நம்ம தெற்கே அது நூற்றாண்டுக் கணக்கில் விடாமல் பிழைத்துக் கிடந்தது, அதனால் இந்தப் பக்கத்துக் கல்வெட்டு படிக்க வேண்டுமானால் வட்டெழுத்து தெரிந்தே ஆக வேண்டும். எங்கள் சார் இந்தக் கல்லின் மேல் ஈரத்தாளை ஒட்டி, பிரஷால் குத்தி, மை ஒற்றி, மைப்படி எடுக்கக் கற்றுக்கொடுத்தார். முழுக்கை சட்டை முழுக்க மை, அம்மையிடம் திட்டு. அந்தக் கல்லை இப்போது மினுமினுக்கிற கறுப்பு கிரானைட் பீடத்தில் நிறுத்தி, ஆடாமல் இருக்கச் சுற்றிலும் சிமெண்டு பூசியிருக்கிறார்கள். கடைசி வரி சிமெண்டுக்குள்ளே போய்விட்டது. ஒரு முழு வரி. நான் குனிந்து குனிந்து தேடினேன், அண்ணாச்சி, "தேடாத தம்பி, பூசும்போதே சொன்னேன், யாரு கேக்கா" என்றார்.

மேலிருந்து நேராக விளக்கு, அதனால் கல் வெறும் கல்லாகத் தெரிகிறது. மருமகள், "மாமா, இதில எழுத்தே இல்லையே" என்றாள். போன் டார்ச்சைப் போடச் சொல்லி, கல்லின் பக்கவாட்டில், கன்னத்தோடு ஒட்டினாற்போல் பிடிக்கச் சொன்னேன். வெளிச்சம் சாய்ந்து விழுந்ததும் பள்ளமெல்லாம் நிழல் கட்டி, வரிசை வரிசையாக எழுத்து எழுந்து வந்தது. தலைப்பில் கிரந்தத்தில் ஸ்வஸ்தி ஸ்ரீ. அப்புறம் உருண்டை உருண்டையாக வட்டெழுத்து. அவள் வாயைத் திறந்தபடி டார்ச்சை மேலும் கீழும் கொண்டுபோய்க்கொண்டே இருந்தாள். லட்சக் கணக்கில் செலவழித்து வைத்த விளக்குகள் செய்யாததை அந்த போன் செய்தது. பக்கவாட்டில் ஒரு விளக்கு, அவ்வளவுதான் வேண்டும். போகிறவர்கள் தயவுசெய்து போனில் சார்ஜ் வைத்துக்கொண்டு போகவும்.

இதெல்லாம் சரி செய்துவிடக் கூடிய குறைகள். சிலிக்கானைச் சுரண்டிவிட்டு வேறு போடலாம், சிமெண்டைக் கூடப் பொறுமையாகக் கொத்தி எடுக்கலாம். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது சீட்டுகளைப் பார்த்துத்தான்.

பழைய அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் ஒரு அட்டைச் சீட்டு இருக்கும். எங்கள் சார் கைப்பட எழுதினது, மை மங்கி, ஓரம் பூச்சி தின்று, பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் அதில் பொருளின் பெயர், எந்த ஊர், யார் வீடு, எப்படிக் கிடைத்தது, எந்தத் தேதி எல்லாம் இருக்கும். தாழிக்கு முன்னால் இருந்த சீட்டில் தோவாளைப் பக்கத்தில் எந்த ஊரில், கிணறு வெட்டும்போது எத்தனை அடி ஆழத்தில், எந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தது என்பது வரைக்கும் எழுதியிருந்தார். இப்போது அதே தாழிக்கு முன்னால் அழகான அக்ரிலிக் சீட்டு: முதுமக்கள் தாழி, சுடுமண், இரும்புக் காலம். ஊர் இல்லை. ஆழம் இல்லை. ஒன்றுமில்லை. இதே மூன்று விவரத்தை எழுதி தமிழ்நாட்டில் எந்தத் தாழிக்கு முன்னால் வைத்தாலும் பொருந்தும். வேறு யாராவது ஒரு ஆராய்ச்சி மாணவர் நாளைக்கு வந்து, குமரி மாவட்டத்தில் எங்கெங்கே தாழி கிடைத்தது என்று பட்டியல் போட உட்கார்ந்தால், இந்தத் தாழி அவருக்கு உதவாது.

இனி நம்ம வீட்டுக் கதை. 1995இல் சார், வீட்டில் பழைய சாமான் கிடந்தால் கொண்டுவாருங்கள் என்று சொன்னார். என் அம்மையின் அப்பா கோட்டாற்றுச் சந்தையில் தேங்காய் வியாபாரம் பார்த்த குடும்பம். மச்சில் ஒரு மரப்பலகை கிடந்தது, நூறு சின்னக் குழி, பத்துக்குப் பத்து, ஒவ்வொரு குழியும் சுண்டுவிரல் நகம் அளவுதான். தாத்தாவைக் கெஞ்சி வாங்கி, பேப்பரில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சக்கரம் எண்ணுகிற பலகை அது. இளசுகளுக்காகச் சொல்கிறேன், சக்கரம் என்பது திருவிதாங்கூர் நாணயம், 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். வெள்ளிச் சக்கரம் பொடிசு, விரலால் எண்ணினால் விடிந்துவிடும், கையிலிருந்து உருண்டு எங்கேயாவது போய்விடும். அதனால் ஒரு கை சக்கரத்தை அள்ளிப் பலகை மேல் போட்டு ஆட்டுவார்கள். குழிக்கு ஒன்றாகப் போய் உட்காரும். மிச்சத்தை உள்ளங்கையால் வழித்துவிட்டால் பலகையில் சரியாக நூறு. எண்ணவே வேண்டாம். அரண்மனைக் கஜானாவிலும் இதே முறைதான்.

அந்தப் பலகையைத் தேடி அறை முழுக்கச் சுற்றினேன். நாணயப் பிரிவில் இல்லை. கடைசியில் பல்லாங்குழிக்கும் தாயக்கட்டைக்கும் நடுவில் கண்டுபிடித்தேன். சீட்டு: "பழங்கால விளையாட்டுப் பலகை, மரம்."

மருமகள், "மாமா, இதில என்ன வெளையாடுவாங்க?" என்று கேட்டாள். நான் என்ன சொல்ல? உங்க கொள்ளுத்தாத்தா பணம் வைத்து விளையாடினார் என்றேன், ஒரு வகையில் உண்மைதானே.

அப்புறம் தேட ஆரம்பித்தால் நிற்கவில்லை. வில்லுப்பாட்டுப் பிரிவில் வில் இருக்கிறது, உடுக்கை இருக்கிறது, தாளம் இருக்கிறது, குடத்தைக் காணோம். குடம் அடுக்களைப் பிரிவில் இட்லிக் கொப்பரைக்குப் பக்கத்தில். மலையில் இருக்கிற காணிக்காரர்கள் பாட்டுக்கு உரசி வாசிக்கிற கொக்கரை, "பல் பதித்த இரும்புக் குழாய்" ஆகிவிட்டது. நாழிக்கு "அளவைக் கோப்பை" என்று பெயர், நம்ம வீட்டில் நேற்று வரைக்கும் அரிசி அளந்த நாழி! எல்லாவற்றுக்கும் முத்தாய்ப்பாக ஒரு ஓலைக்கட்டு, நடுநாயகமாக, தனிப்பெட்டியில், சிவப்பு வெல்வெட்டில்: "கி.பி. 11ஆம் நூற்றாண்டு ஓலைச்சுவடி." நம்ம ஊர் ஈரத்துக்கும் பூச்சிக்கும் ஓலை ஆயிரம் வருஷம் இருக்குமா என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். குனிந்து பார்த்தேன். கொல்லம் 1076 மீன மாசம் என்று தெளிவாக இருக்கிறது. கொல்லம் ஆண்டு என்கிற மலையாள ஆண்டுக் கணக்கு தொடங்கியது கி.பி. 825இல். மீன மாசம் என்றால் 825ஐக் கூட்ட வேண்டும், ஆவணியிலிருந்து டிசம்பர் வரைக்கும் என்றால் 824. ஆக இது 1901, மார்ச் ஏப்ரல் வாக்கில். கொல்லம் ஆண்டை அப்படியே கிறிஸ்து ஆண்டு என்று நினைத்து எண்ணூற்றுச் சொச்சம் வருஷத்தைப் பின்னால் தள்ளிவிட்டார்கள். 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூரிலும் பிறகு திருக்கொச்சி மாநிலத்திலும் இருந்த மாவட்டம், இங்கே கொல்லம் ஆண்டு தெரியாமல் பழைய ஓலையைத் தொடவே கூடாது. சரி, அதில் என்னதான் எழுதியிருக்கிறது? ஜாதகம். யாரோ ஒரு பெண் குழந்தையின் ஜாதகம். அந்தப் பெரியம்மா எந்த ஊரோ, கல்யாணம் ஆகிப் போனாளோ இல்லையோ, இப்போது சோழர் காலத்துக்குப் போய் வெல்வெட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

இது எப்படி நடந்தது என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். வேலை நடந்தபோது சாமானையெல்லாம் சாக்கில் சுற்றி குடோனில் போட்டுவிட்டார்களாம், சீட்டைத் தனியாக உருவிவிட்டார்களாம், பிறகு ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து வெளியூரில் யாருக்கோ அனுப்ப, அவர்கள் படத்தைப் பார்த்தே எழுதி அச்சடித்து அனுப்பினார்களாம். நூறு குழிப் பலகையின் படத்தைப் பார்த்த வெளியூர்க்காரனுக்கு அது விளையாட்டுப் பலகை. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. சீட்டை உருவின கையைத்தான் சொல்ல வேண்டும்.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். வாசல் பக்கத்துச் சுவரில் ஒரு படப் பலகை, துறையில் உள்ளவர்களே எழுதினது, அது அருமை. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையைப் பாட்டு எழுதினவர் என்றுதான் எல்லாரும் படித்திருப்போம். அவர் தேரூர்க்காரர், கல்வெட்டுகளைத் தேடிப் படித்தவர், சோழர் கல்வெட்டுகளில் வருகிற காந்தளூர்ச்சாலை பற்றி ஆராய்ந்து எழுதினவர் என்பதை அங்கே விளக்கமாகப் போட்டிருக்கிறார்கள். மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையும் இருக்கிறார். நம்ம டிகிரி சர்டிபிகேட்டில் அவர் பெயரில்தான் பல்கலைக்கழகம், ஆனால் திருவிதாங்கூர்க் கல்வெட்டுகளை வைத்து திருவிதாங்கூருக்கு முந்தின வேணாட்டு அரசர்களின் காலத்தைக் கணக்குப் போட்டவர் அவர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? பக்கத்திலேயே பார்த்திவசேகரபுரம் செப்பேட்டின் படம். ஆய் குலத்து மன்னன் கருநந்தடக்கன் 866இல் கோயில் கட்டி, 95 பேர் படிக்கக் கல்விச்சாலை வைத்த கதை. முன்சிறை பக்கம் அந்தக் கோயில் இன்னும் இருக்கிறது. இந்த ஒரு சுவரை எழுதினவர்களிடமே மீதிச் சீட்டையும் எழுதச் சொல்லியிருந்தால் இவ்வளவு நீளத்துக்கு நான் எழுத வேண்டி வந்திருக்காது.

கிளம்புகிற நேரத்தில் அண்ணாச்சி கொஞ்சம் நில்லு என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ஒரு பெரிய பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். திறந்தால் உள்ளே பழைய சீட்டுகள், ரப்பர் பேண்டு போட்டு, கட்டுக் கட்டாக. குப்பையில் போடச் சொன்னார்களாம், இவருக்கு மனசு வரவில்லையாம். "சார் எழுத்து தம்பி, எப்படிப் போட?" என்றார். எங்கள் சார் போய்ப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. அங்கேயே தரையில், அந்த வழுக்குகிற டைல்ஸில், மூன்று பேரும் உட்கார்ந்து தேடினோம். முக்கால் மணி நேரத்தில் கிடைத்தது: சக்கரப் பலகை, நூறு குழி, பலா மரம், கோட்டாறு, தாத்தா பெயர், கொண்டுவந்த மாணவன் என்று என் பெயர், 1995. என் பெயரில் ஒரு எழுத்துப் பிழை. சார் எப்போதும் அப்படித்தான் எழுதுவார்.

பொறுப்பில் இருக்கிற மேடத்தைப் போய்ப் பார்த்தேன். சண்டை போடத்தான் போனேன். அவர் புதுசாக வந்தவர், வேலை முடிந்த பிறகுதான் பொறுப்பு கைக்கு வந்ததாம், டின் ஒன்று இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் படித்தார், பாதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில், "நீங்க சனிக்கிழமை வர முடியுமா? பொருளையும் சீட்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு ஆள் இல்லை" என்றார். அதற்கப்புறம் இரண்டு சனிக்கிழமை போய்விட்டேன். 41 சீட்டுக்கு ஆள் கிடைத்துவிட்டது, சாரி, பொருள் கிடைத்துவிட்டது. குடம் வில்லோடு சேர்ந்துவிட்டது. மருமகளும் வருகிறாள், சீட்டுகளைப் போனில் படம் எடுத்து எண் போடுவது அவள் வேலை, வரலாறு எடுப்பதைப் பற்றி இன்னும் வாயைத் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: சனிக்கிழமை உட்பட வேலை நாட்களில் பத்து மணி முதல் நாலரை வரை, மதியம் ஒன்றரைக்குப் போனால் அண்ணாச்சி சாப்பிடப் போயிருப்பார், பூட்டியிருக்கும். கட்டணம் இல்லை, நோட்டில் பெயர் எழுத வேண்டும். க்யூஆர் கோடு எதையும் ஸ்கேன் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள், ஒன்றும் திறக்காது. கீழடி போய்விட்டு வந்தவர்கள் அந்த எதிர்பார்ப்போடு வர வேண்டாம், அது அரசு கட்டின பெரிய இடம், இது ஒரு கல்லூரித் துறை தன் கையில் இருந்ததை வைத்துச் செய்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் ஒரு மணி நேரம் போதும், வெளியே வந்தால் எதிர்க் கடையில் ரசவடை சூடாக இருக்கும். அருங்காட்சியகத்துக்கு ஐந்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டால் இன்றைக்கு மூன்று. கூரைக்கு ஒன்று, தோல்பாவைக்கு ஒன்று, பிஸ்கட் டின்னுக்கு ஒன்று.

சக்கரப் பலகை இன்னும் பல்லாங்குழி பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த அக்ரிலிக் சீட்டையும் சிலிக்கான் வைத்தே ஒட்டியிருக்கிறார்கள், கையால் இழுத்தால் வரவில்லை. வருகிற சனிக்கிழமை கடையிலிருந்து மெல்லிசு பிளேடு கொண்டுபோகிறேன்.